பதினொரு குதிரைகள்

அப்பா விட்டுச் சென்ற பட்டாபிராம் மனை 2023-ஆம் ஆண்டுக் கோடையில் விலைபோயிற்று. கடன்களைத் தீர்த்து, அம்மாவின் பெயரில் ஒரு பகுதியை வங்கியில் இட்டபின் எஞ்சிய தொகை, மூவருக்கும் பிரித்தால் யாருக்கும் பெரிதாகப் பயன்படாது. பிரிக்காமல் வைத்தால் கொஞ்சம் பெருமையாகத் தோன்றும் அளவில் இருந்தது. “ஆளுக்குக் கொஞ்சம் என்றால் கரைந்து போய்விடும். மூவரும் சேர்ந்து ஏதாவது ஒன்று வாங்குங்கள்” என்றார் அம்மா. தையல் இயந்திரமோ தங்கமோ அவர் மனத்தில் இருந்திருக்கலாம். நாங்கள் வாங்க நினைத்ததோ விரைவுக் கார்.

நாங்கள் என்பது இரண்டு சகோதரர்களும் ஒரு தங்கையும். மூத்தவர் அம்மாவுடன் அம்பத்தூரிலும், இளையவர் ஆவடியிலும், தங்கை பூந்தமல்லியிலும் வசிக்கிறோம். இதை எழுதியவர் எங்களில் யார் என்பது இங்கே முக்கியமன்று. மூவரும் படித்துத் திருத்திய பின்னரே இது அச்சுக்குப் போகிறது. ஒரு பகுதியை நீக்கிவிடலாம் என்று மூத்தவர் சொன்னார்; நீக்கக் கூடாது என்று இளையவர் பிடிவாதமாக நின்றார். அது எந்தப் பகுதி என்பது போகப்போகத் தெரியும்.

கார் ஆசைக்கு வேர் சோழவரத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று அங்கே உண்டு. ஐம்பதுகளிலிருந்து எண்பதுகள் வரை சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆண்டுதோறும் அங்கே பந்தயங்களை நடத்தி வந்தது. 1981-இல் அப்பா எங்களை அழைத்துச் சென்றார். அவர் அம்பத்தூர் மிதிவண்டித் தொழிற்சாலையில் சக்கரக் கம்பி பூட்டுபவர். இளையவர் அவருடைய வண்டியின் முன் கம்பியில். மூத்தவர் வாடகை வண்டியில் பின்னால். செங்குன்றம் சாலையில் வியர்க்க வியர்க்க மிதித்துப் போனோம். மக்கள் கூட்டம், கரும்புச்சாறு, எரிந்த எண்ணெயின் நெடி, காது அடைத்துப்போகும் இரைச்சல். எந்தக் கார் வென்றது என்பது எங்களுக்கு நினைவில்லை. ஒரு கார் கடந்து போனதும் அப்பா சிரித்துக்கொண்டே தலைமேல் கை வைத்துக்கொண்டதுதான் நினைவிருக்கிறது. அவர் அப்படிச் சிரித்து நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. பெண் குழந்தை என்பதால் தங்கையைப் பின்னாளிலும் அழைத்துப் போகவில்லை. இன்று எங்களில் மிக நன்றாகக் கார் ஓட்டுபவள் அவள்தான் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

தேர்வு இரண்டு கார்களில் வந்து நின்றது. ஒன்று, 2017-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 230 குதிரைத்திறன்; பார்வைக்கு அடக்கமான குடும்பக் கார்; பின்பெட்டி 590 லிட்டர் கொள்ளும். பழைய வண்டியாகத்தான் எங்கள் கைக்கு எட்டும். மற்றொன்று, எங்கள் பகுதிக்கு அருகிலேயே இருங்காட்டுக்கோட்டையில் உருவாகும் ஹூண்டாய் ஐ20 என் லைன். 120 குதிரைத்திறன், புதிதாகவே வாங்கலாம். மூத்தவர் முன்னதையும் தங்கை பின்னதையும் விரும்பினர். இளையவர் இரண்டையும் பற்றி நிறையப் படித்தார், எதையும் சொல்லவில்லை. அது அவர் இயல்பன்று. அப்போது எங்களுக்கு அது உறைக்கவில்லை.

இதற்கிடையே டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை நீரில் மிதந்தது. மூத்தவரின் தெருவில் நின்ற கார்களின் கண்ணாடி வரை தண்ணீர். கார்ப் பேச்சு இரண்டு மாதம் நின்றது.

மீண்டும் தொடங்கியபோது தங்கை ஒரு கேள்வி கேட்டாள்: “இத்தனை வேகத்தை எங்கே கொண்டுபோய் ஓட்டப் போகிறோம்?” நியாயமான கேள்வி. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் கார்களுக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் என்றும், குடியிருப்புத் தெருக்களில் 30 என்றும் வரம்பு விதித்திருந்தது. திருவள்ளூர் நெடுஞ்சாலையில் மாலை வேளையில் அந்த 30-ஐ எட்டினாலே பெரிது. வேகத்தின் கணக்கும் கொடியது. 60-இல் செல்லும் கார் நல்ல உலர்ந்த சாலையில் தடை போட்டபின் நிற்கச் சுமார் 20 மீட்டர் வேண்டுமென்றால், 120-இல் 40 அன்று, 80 மீட்டர் வேண்டும். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்காகும். ஆபத்தைக் கண்டு கால் அசைவதற்குள் ஓடிவிடும் 30 மீட்டரை அதனுடன் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் பந்தயத்தளம்? சோழவரத்துக்கு மாற்றாக 1990-இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தளம் பூந்தமல்லியிலிருந்து நீண்ட தொலைவில் இல்லை. 3.7 கிலோமீட்டர் சுற்று. அங்கே ஓட்டலாம் என்று நினைத்தோம். காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படித்த தங்கை சிரித்தாள். பந்தயமும் வேகச் சோதனையும் காப்பீட்டில் அடங்கா என்று அதில் இருந்தது. இந்தக் கார் பிறந்ததன் பயனை அடையக்கூடிய ஓரிடத்தில் அதற்குக் காப்பு இல்லை. காப்பு உள்ள இடங்களிலோ அதற்கு வேலை இல்லை!

ஆயினும் ஆசை அறிவின் பேச்சைக் கேட்பதில்லை. ஒரு ஞாயிறு விடியற்காலையில், விற்க வந்த ஆர்.எஸ். ஒன்றை நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையில் ஏற்றிப் பார்த்தோம். தங்கை ஓட்டினாள். வரம்புக்குள்தான் போனாள். ஆனால் நின்ற நிலையிலிருந்து அந்த வரம்பை எட்ட அது எடுத்துக்கொண்ட நேரம், முதுகு இருக்கையில் பதிந்த விதம்! மூத்தவர் தம்மை அறியாமல் தலைமேல் கை வைத்துக்கொண்டார். அப்பாவைப் போலவே.

அன்று மாலை அம்பத்தூர் வீட்டில் கூடினோம். தங்கையின் மகனும் வந்திருந்தான். இருபது வயது, உரிமம் பெற்று ஓராண்டு. “எனக்கு எந்த வாரம், பெரிய மாமா?” என்று விளையாட்டாகக் கேட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை. தங்கைதான் பேச்சை மாற்றினாள்: “முதலில், யார் பெயரில் பதிவது?”

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு இதற்கு விடை சொல்கிறது. ஒரு வாகனத்துக்குப் பலர் கூட்டாக உரிமையாளர்களாய் இருந்தால், அவர்களுள் ஒருவரே எல்லோர் சார்பிலும் விண்ணப்பிக்க வேண்டும்; சட்டத்தின் கண்ணுக்கு அவரே உரிமையாளர். மகிழ்ச்சியை மூவரும் பங்கிடலாம். பொறுப்பு ஒரு பெயரில்தான் நிற்கும். இதை நாங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

1991-இல் சகோதரர் இருவரும் சேர்ந்து பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 ஒன்றை வாங்கினோம். ஞாயிறுகளில் முறை வைத்து ஓட்டினோம். பதிவு மூத்தவர் பெயரில். 1994-இல் ஒரு சனிக்கிழமை இரவு, சித்தப்பாவின் மகன் கேட்டான் என்று இளையவர் சாவியைக் கொடுத்துவிட்டார். அவனுக்கு உரிமம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். டன்லப் நிறுத்தத்துக்கு அருகே, இரவுப் பணிக்கு மிதிவண்டியில் போய்க்கொண்டிருந்த ஒரு தொழிலாளியின் மேல் வண்டி மோதியது. சித்தப்பா மகன் சிராய்ப்புகளோடு எழுந்தான். அந்தத் தொழிலாளிக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

வழக்கு நடந்தது. ஓட்டியவனிடம் உரிமம் இல்லாததால் காப்பீட்டு நிறுவனம் விலகிக்கொண்டது. இழப்பீடு முழுவதும் பதிவில் பெயர் உள்ளவர் தலையில் விழுந்தது. (அத்தகைய வழக்குகளிலும் பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்ற நெறியை 2004-இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எங்கள் வழக்குக்கு அது காலம் கடந்து வந்தது.) தொழிற்பேட்டையில் கடைசல் பட்டறையில் வேலை பார்த்த மூத்தவர், ஆறு ஆண்டுகள் தவணையாகக் கட்டினார். அவர் திருமணம் தள்ளிப்போனது அதனால்தான். இளையவர் அப்போது மாணவர். பிறகு வேலைக்குப் போனபின் தம் பங்கைக் கொடுக்க முன்வந்தார், மூத்தவர் வாங்கவில்லை. அதன்பின் முப்பது ஆண்டுகள் நாங்கள் அதைப் பேசியதே இல்லை. நல்ல நாளில் வேண்டாம், கெட்ட நாளில் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே போனோம்.

அன்று மாலை இளையவர் பேசினார். தங்கை மகனைப் பார்த்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். சாவியைக் கொடுத்தது நான்தான் என்பதை இரண்டு முறை சொன்னார். அவன் கையிலிருந்த செல்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். முடிந்ததும், “அந்த வண்டி எத்தனை குதிரைத்திறன், சின்ன மாமா?” என்றான்.

“பதினொன்று.”

எங்களில் எவரும் அதுவரை அந்த எண்ணை 230-உடன் சேர்த்து நினைத்துப் பார்த்ததில்லை. 120 போதுமா, 230 வேண்டுமா என்று எத்தனை இரவுகள் வாதாடியிருக்கிறோம்!

சற்றுப் பொறுத்து அவன் இன்னொன்று கேட்டான்: “அந்தப் பெரியவர் மறுபடி சைக்கிள் ஓட்டினாரா?”

இளையவர் விழித்தார். தங்கைக்கும் தெரியாது. நாங்கள் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை என்றுதான் இருவரும் வெட்கத்தோடு நினைத்துக்கொண்டிருந்தோம். மூத்தவர் மெல்லச் சொன்னார்: “மூன்றாவது வருடம் ஓட்ட ஆரம்பித்தார். வலது காலை ஊன்ற முடியாது. திண்ணை ஓரமாக வண்டியைச் சாய்த்துவைத்து ஏறுவார். மாதாமாதம் தவணையை நான் நேரில்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீ போட்டுத் தருவார்கள்.”

“எங்களிடம் சொல்லவே இல்லையே, அண்ணா?” என்றார் இளையவர்.

“நீ படித்துக்கொண்டிருந்தாய்.”

அம்மா சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. பாத்திரச் சத்தம் மட்டும் நின்றிருந்தது.

நெடுநேரம் கழித்து இளையவர், “கார் எதுவாகவும் இருக்கட்டும். பெயர் என்னுடையதாக இருக்கட்டும்” என்றார். மூத்தவர் மறுக்க வாயெடுத்தார். தங்கை அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். அவர் மறுக்கவில்லை.

ஆர்.எஸ்.தான் வாங்கினோம். அறிவுள்ள முடிவு என்று சொல்லமாட்டோம். காப்பீட்டை முழுமையாக எடுத்தோம். உரிமை மாற்றப் படிவங்களில் இளையவர் ஒவ்வொரு வரியையும் படித்த பின்னரே கையெழுத்திட்டார். அலுவலகத்தில் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சாவி ஒன்றுதான் வெளியே இருக்கும். அது அம்மாவின் அரிசிப் பானைக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். வாங்குபவர் அவரிடம் சொல்லிவிட்டு வாங்க வேண்டும். யாருக்கும் கைமாற்றக் கூடாது. தங்கை மகனுக்கு இருபத்தைந்து வயது வரை, அவன் அம்மா பக்கத்தில் அமர்ந்திருந்தால் மட்டும். அவன் ஒப்புக்கொண்டான், முழு மனத்தோடு அன்று.

முதல் சனிக்கிழமை தங்கை அதை அம்பத்தூர் தெருவுக்குள் கொண்டுவந்தாள். தெருமுனை வேகத்தடையில் காரின் அடிப்பாகம் நறநறவென்று உரசியது. மூவருக்கும் பல் கூசியது.

“யார் ஓட்டுவது?” என்று உள்ளிருந்து அம்மா குரல் கொடுத்தார்.