ஷில்லாங்கில் கேட்ட நான்கு தந்திகள்

குவாஹாத்தியிலிருந்து ஷில்லாங் சுமார் நூறு கிலோமீட்டர் தூரம். அந்நகருக்கு ரயில் கிடையாது. மோட்டார் வண்டியில்தான் மலையேற வேண்டும். ஊரை நெருங்கும்போது உமியம் ஏரி கண்ணுக்கு விருந்தளிக்கிறது. ஆற்றுக்கு அணை கட்டியதால் உண்டான ஏரி அது. பைன் மரங்கள் கரை வரை இறங்கி வந்து நிற்கின்றன. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஷில்லாங், முன்னர் அஸ்ஸாமின் தலைநகராக இருந்தது. 1972-ல் மேகாலயம் தனி மாநிலமானதும் அதன் தலைநகராயிற்று.

இங்கு வருவோர் அருவிகளையும் வார்டு ஏரியையும் கண்டு திரும்புவது வழக்கம். நாங்களோ கண்டதைவிடக் கேட்டதே மிகுதி. இவ்வூர் இசைக்குப் பேர்போன ஊர். நக்ரா என்னும் முரசும், துயிதாரா என்னும் தந்திக் கருவியும், தங்முரி என்னும் குழலும் காஸி மக்களின் பழஞ்சொத்து. 1841-ல் வேல்ஸ் நாட்டுப் பாதிரிமார் இம்மலைக்கு வந்தனர். அதன்பின் தேவாலயங்களில் பல குரல்கள் இசைந்து பாடும் வழக்கம் வேரூன்றியது. மேனாட்டு இசையிலும் இவ்வூராருக்குத் தீராத பற்று. லூ மாஜா என்னும் பாடகர் 1972 முதல் பாப் டிலனின் பிறந்த நாளான மே 24-ஐக் கச்சேரி நடத்திக் கொண்டாடத் தொடங்கினார். 2001-ல் தோன்றிய ஷில்லாங் சேம்பர் கொயர் என்னும் பாடற்குழு, 2010-ல் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் வென்று நாடெங்கும் அறிமுகமாயிற்று.

ஆயினும் எங்கள் நினைவில் நிற்பது புகழ்பெற்றவர்களின் இசையன்று. பதினைந்து வயதுப் பையன் ஒருவனின் வாசிப்பே.

அவன் எங்கள் நண்பரின் மகன். மூன்றாண்டுகளுக்கு முன் உத்தியோக மாற்றலில் அக்குடும்பம் இங்கு வந்தது. பையன் இயல்பாகவே சங்கோசி. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், கடையில் ஹிந்தி, தெருவில் காஸி என்று நான்கு மொழிகள் சூழ்ந்ததும் அவன் எந்த மொழியிலும் பேசாதவனானான். வகுப்பில் ஒருநாள் அவன் உச்சரிப்பைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். அன்று முதல் நண்பகல் உணவைத் தனியே உண்டான். தொலைபேசி மணி அடித்தால் உள்ளங்கை வியர்க்கும். விருந்தினர் வந்தால் அறைக்கதவு சாத்திக்கொள்ளும். உளநூலார் இதனைச் சமூகப் பதற்றம் என்பர். பெற்றோர் "நாலு பேரோடு பேசு" என்று சொல்லச் சொல்ல, அவன் மேலும் சுருங்கினான்.

அடுத்த வீட்டின் பின்புறம் தகரக் கூரை வேய்ந்த அறையொன்று உண்டு. காஸிப் பிள்ளைகள் நால்வர் அங்கே மாலைதோறும் வாசித்துப் பழகுவர். நம் பையன் மதிற்சுவரருகே நின்று கேட்டுக்கொண்டிருப்பான். பேஸ் கித்தார் வாசித்தவன் மேற்படிப்புக்காக வெளியூர் போனதும், தாளம் வாசிப்பவன் சுவருக்கு மேல் தலைநீட்டி அவனை அழைத்தான். யார், எவ்வூர் என்ற கேள்வி ஏதுமில்லை. கருவியைக் கையில் கொடுத்து, விரல் வைக்க வேண்டிய இடத்தை மட்டும் காட்டினார்களாம்.

"அம்மாவின் தம்புராவைப் போல இதற்கும் நான்கு தந்திதான், மாமா" என்றான் எங்களிடம். அவன் தானாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. தம்புராவைப்போலவே பேஸ் கித்தாரையும் சபையோர் தனியே கவனிப்பதில்லை. நின்றுபோனால்தான் பாட்டு அடித்தளமிழந்தது தெரியும். கூச்சமுள்ளவனுக்கு ஏற்ற இடம்; ஆயினும் இன்றியமையாத இடம்.

மறுநாள் மாலை ஒரு சிறு மண்டபத்தில் அவர்கள் கச்சேரி. சுமார் அறுபது பேர் கூடியிருந்தார்கள். பையன் பின்வரிசையில், தாளக்காரனுக்கு அருகில் நின்றான். மூன்றாவது பாட்டின் இடையில் அவன் தொடங்க வேண்டிய இடம் வந்தது. விரல்கள் அசையவில்லை. முகம் வெளிறியது. எங்களருகில் இருந்த நண்பர் நாற்காலியின் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

தாளக்காரன் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சுற்றையே மீண்டும் ஒருமுறை வாசித்தான். பாடிய பெண்ணும் வாய் திறவாமல் காத்து நின்றாள். அடுத்த சுற்றின் தலைப்பில் நம் பையனின் தந்தி ஒலித்தது. பாட்டு எழுந்து நடந்தது. பிழை நேர்ந்ததைச் சபையில் பலர் அறியவேயில்லை.

வீடு திரும்பும் வழியில் வெகுநேரம் மௌனமாக வந்தவன், "எனக்காக நின்றார்கள், மாமா" என்றான். நண்பர் மறுபுறம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

பையன் அடியோடு மாறிவிட்டான் என்று நாங்கள் எழுத மாட்டோம். தொலைபேசியை இன்றும் அவன் தொடத் தயங்குகிறான். ஆனால் நண்பகலில் தனியே உண்பதில்லை. காஸி மொழியில் வேடிக்கை பேசவும் கற்றிருக்கிறான்.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களில் இத்தகைய பிள்ளைகள் பலர் உண்டு. அச்சம் மிகுந்து உணவையும் படிப்பையும் தடுக்குமாயின் மருத்துவரை நாடுவதே முறை. மற்றபடி, பேசு பேசு என்று நெருக்குவதைவிட, பிறரோடு சேர்ந்து செய்ய ஒரு வேலையைக் கையில் கொடுப்பது நலம். கைகள் ஒன்றுபட்டபின் வாய் தானே திறக்கும்.

நாங்கள் புறப்பட்ட காலையில் சிறுதூறல். பையன் தன் தோழர் இருவருடன் வண்டி நிலையத்துக்கு வந்திருந்தான். "குப்லெய்" என்றார்கள் மூவரும். அம்மலை மக்கள் வரவேற்கவும் நன்றி கூறவும் விடைகொடுக்கவும் வழங்கும் சொல் அது. மூவரில் அவன் குரலே உரக்கக் கேட்டது.