குரங்குக்குட்டியும் பூனைக்குட்டியும்

இக்கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தபோது அம்மா சொன்னார்கள்: "கர்த்தர் உன்னை முன்குறிச்சிருக்கார்டா."

இரட்சிக்கப்படுவோரை இறைவன் ஆதியிலேயே தெரிந்துகொண்டார் என்றார் ஜெனீவாவின் கால்வின். அவருக்குப் பின்வந்த டச்சுக்காரர் அர்மீனியஸோ, அருளை மனிதன் மறுக்கவும் கூடும் என்றார். இவ்வழக்கு நமக்குப் புதிதா, நண்பர்களே? எங்கள் பென்னலூருக்கு அருகில்தான் 1017இல் இராமானுசர் பிறந்த திருப்பெரும்புதூர். அவர் வழிவந்தோரும் பிற்காலத்தில் பிரிந்தனர். தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டிபோல் நாமும் இறைவனைப் பற்றவேண்டும் என்பர் வடகலையார். பூனை தன் குட்டியைத் தானே கவ்விச்செல்லும் என்பர் தென்கலையார்.

பூனைக் கட்சிதான் எனக்கு இதம். ஆனால் பிளஸ் டூவோடு நின்று, ஒரகடம் ஆலையில் உழைத்து, என் படிப்புச் செலவைத் தாங்குபவள் அக்காள். அவளை ஏன் கவ்வவில்லை?

அவளிடமே கேட்டேன்.

"கம்பெனி பஸ் வந்துடும், வழிவிடுடா" என்றாள்.