மரத்துக்கும் தைலக்காப்பு உண்டு

என் மகன் அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்து மலைப்பகுதியில், முழு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வீடு கட்டிக்கொண்டான் என்று சொன்னால், இங்குள்ள நண்பர்கள் முதலில் கேட்பது, "கறையான் அரிக்காதா?" என்பதுதான். அடுத்தது, "தீப்பிடிக்காதா?" மூன்றாவதாகச் சற்றுக் குரலைத் தாழ்த்தி, "அப்படியானால் இனி அங்கேயே தங்கிவிடுவானோ?" என்று கேட்கிறார்கள். முதல் இரண்டுக்கும் விடை சொல்லும் அளவுக்குச் சென்ற ஆண்டு அங்கே தங்கியிருந்த நான்கு மாதங்களில் விஷயம் தெரிந்துகொண்டேன். மூன்றாவதற்கும் விடை கிடைத்தது. அது ஒரு சாரத்தின் மேல், கையில் பிரஷ்ஷுடன் நின்றபோது கிடைத்தது.

பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய பென் ஹில்ஸ் குன்றின் மேல் வேங்கடாசலபதி எழுந்தருளியிருப்பதை அன்பர்கள் பலர் அறிவார்கள். பிள்ளைகளைப் பார்க்கப் போனவர்களில் தரிசித்தவர்களும் இருப்பார்கள். அங்கிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம் காரில் சென்றால் மகனுடைய ஊர். மரத்தை அடுக்கிக் கட்டும் வீடு அந்தப் பகுதிக்குப் புதிதன்று. 1638-இல் டெலாவேர் ஆற்றங்கரையில் குடியேறிய சுவீடன், பின்லாந்து நாட்டவர் தங்கள் ஊர்க் கட்டுமான முறையை உடன் கொண்டுவந்தார்கள் என்பது வரலாறு. மகன் கட்டியது வெள்ளைப் பைன் மரத்தால். நாங்கள் ஆனி மாதம் போய்ச் சேர்ந்தபோது சுவரும் கூரையும் கதவும் முடிந்திருந்தன. மரம் மட்டும் பூச்சு ஏதுமின்றி, உரித்த பனங்கிழங்கு நிறத்தில் நின்றது. கிருகப்பிரவேசத்துக்கு ஆவணியில் முகூர்த்தம் குறித்தாயிற்று. அதற்குள் வெளிச்சுவர் முழுவதற்கும் 'ஸ்டெயின்' பூசி முடித்துவிடலாம் என்பது மகனின் கணக்கு.

ஸ்டெயின் என்பது நாம் கதவுக்கு அடிக்கும் வார்னிஷ் அன்று, பெயின்டும் அன்று. எண்ணெயில் நிறப்பொடி கலந்த ஒரு பூச்சு. மேலே தோல் போலப் படியாமல் மரத்துக்குள்ளேயே இறங்கிவிடுவது. அதைப் பூச வந்தவர் எழுபது வயதைத் தாண்டிய உள்ளூர்த் தச்சர். வந்தவர் பிரஷ்ஷை எடுக்கவில்லை. இரண்டு ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கருவியை எடுத்துச் சுவரில் குத்தினார். மரத்திலுள்ள ஈரத்தைச் சதவீதமாகக் காட்டும் கருவி அது. தெற்குச் சுவர் 16 காட்டியது. வடக்குச் சுவர் 24. பத்தொன்பதுக்குக் கீழே இறங்கினால்தான் பூசலாம் என்று சொல்லி, கருவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

மகனுக்கு முகம் சுண்டிவிட்டது. எண்பது பேரை அழைத்தாயிற்று. "பார்வைக்கு நன்றாகத்தானே காய்ந்திருக்கிறது?" என்று அவரிடம் வாதாடினான். வங்கியில் முப்பத்தைந்து ஆண்டுகள் கடன் விண்ணப்பங்களைப் பார்த்தவன் நான். மனுதாரரின் முகம் ஒன்று சொல்லும், இருப்புநிலைக் குறிப்பு வேறொன்று சொல்லும். எதை நம்ப வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஈரம் உள்ளே இருக்கையில் மேலே அடைத்துவிட்டால் அந்த நீர் வெளியேற வழியின்றிப் பூச்சைத் தள்ளிக்கொண்டு வரும். இல்லையேல் உள்ளேயே பூஞ்சை பிடித்து மரம் மெத்தென்று ஆகும். அவன் தச்சரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே நான் கோயில் பட்டாச்சாரியாருக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "கதவு இல்லாத வீட்டிலும் கூரை வேயாத வீட்டிலும் புகக்கூடாதுன்னுதான் சாஸ்திரம், மாமா. சுவருக்குச் சாயம் ஏறலைன்னு பெருமாள் வரமாட்டேன்னு சொல்ல மாட்டார்."

எனவே முகூர்த்தம் மாறவில்லை, பூச்சுதான் தள்ளிப்போயிற்று. ஆனால் வேறொரு சிக்கல் எழுந்தது. பூச்சு இல்லாத மரம் ஒரு வெறும் பஞ்சு. ஹோமப் புகையும் நெய்யாவியும் படிந்தால் பிறகு எதனாலும் போகாது. மருமகளின் கவலை அதையும் தாண்டி நாள்தோறும் தாளிக்கும் கடுகு எண்ணெயில் நின்றது! உட்புறச் சுவர்கள் நன்றாகக் காய்ந்திருந்தன. ஆதலால் கூடத்துக்கும் பூஜை அறைக்கும் சமையலறைக்கும் மட்டும் நிறமில்லாத நீர்ப்பூச்சு இரண்டு முறை கொடுத்துவிட்டார் தச்சர். ஹோமத்தன்று தகரத் தட்டில் மணல் பரப்பி, செங்கல் அடுக்கி, சன்னல்களையெல்லாம் திறந்து வைத்து, கணபதி ஹோமமும் வாஸ்து சாந்தியும் குறைவின்றி நடந்தன. புகை எச்சரிக்கை மணி மட்டும் சங்கல்பத்தின் நடுவே ஒரு முறை தன் பங்குக்கு ஒலித்தது.

வெளிச்சுவரின் வேலை புரட்டாசி பிறக்கும் தறுவாயில் தொடங்கியது. குளிர் இறங்குமுன் முடிக்க வேண்டும். பத்து டிகிரிக்குக் கீழே போனால் பூச்சு சரியாகப் பிடிக்காது. மரங்கள் வந்திறங்கியபோது பிளாஸ்டிக் உறையில் சுற்றியபடியே பல நாட்கள் கிடந்ததால் ஆங்காங்கே கரும்புள்ளிகள் விழுந்திருந்தன. அவற்றை நுரைக்கும் சோடாக் கரைசலால் கழுவினோம். கழுவும்போது கீழிருந்து மேலே போக வேண்டும். இல்லையேல் வழியும் நீர் காய்ந்த மரத்தில் கோடு கோடாகத் தங்கிவிடும். நான்கு நாட்கள் உலர விட்டு, மீண்டும் ஊசிக் கருவி. அப்புறம் ஒரு சோதனை: மரத்தின் மேல் நீரைத் தெளித்துப் பார்ப்பது. தாமரை இலைத் தண்ணீர் போல முத்து முத்தாக நின்றால் மரம் இன்னும் எண்ணெயை ஏற்காது என்று பொருள். ரம்பத்தில் மழுங்க இழைத்த மேற்பரப்புக்கு அந்தக் குணம் உண்டாம். உப்புத்தாளால் தேய்த்து அதைப் போக்க வேண்டும். நீர் ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விட்டால் மரம் தயார்.

அதன்பின் அவர் தெளித்த கரைசலைக் கேட்டு வியந்தேன். நம் பொற்கொல்லர் பட்டறையில் இருக்கும் வெங்காரம்தான்! அந்த இனத்து உப்பைத் தண்ணீரில் கரைத்து மரத்துக்கு ஊட்டினால் கறையானும் பூஞ்சையும் அண்டா. ஆனால் மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஆகவே மேலே எண்ணெய்ப் பூச்சு கட்டாயம். மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் கருவண்டும் பூச்சில்லாத மரத்தைத்தான் தேடி வருமாம்.

பூச்சில் நிறம் எதற்கு, மரத்தின் இயல்பான நிறமே அழகாக இருக்கிறதே என்று கேட்டேன். அழகுக்காக அன்று என்றார் அவர். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் மரத்தின் நாரைப் பிணைத்து வைக்கும் பசையை அழித்துவிடுகிறது. மழை அதைக் கழுவ, மரம் சாம்பல் நிறமாகிறது. நிறப்பொடிதான் அந்தக் கதிரை மறிக்கிறது. கண்ணாடி போன்ற பூச்சு வெயிலுக்குக் குடை ஆகாது. நிறம் முதலில் வெளுப்பது தெற்கு, மேற்குச் சுவர்களில்தான். மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை கழுவி மறுபடி பூசிக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்தது என்று கைகழுவ முடியாத வேலை.

வெயில் நேராக விழும் சுவரில் பூசக்கூடாது. எண்ணெய் இறங்குமுன் காய்ந்துவிடும். எனவே சூரியனுக்கு நாங்கள் அப்பிரதட்சிணமாகச் சுற்றினோம். இரண்டு மூன்று மரங்களை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை இடையில் நிறுத்தாமல் பூசிச் செல்ல வேண்டும். நடுவில் நின்றால் அந்த இடத்தில் தழும்பு விழும். மூலைகளில் மரத்தின் வெட்டுமுகம் தெரியும் இடங்களில்தான் எண்ணெய் மடமடவென்று இறங்கியது. எத்தனை கொடுத்தாலும் குடித்தது. ஐப்பசி அமாவாசையை ஒட்டிப் பேரனுக்கு எண்ணெய் தேய்த்த என் மனைவி, "உச்சந்தலை போல" என்றாள். அதைவிடச் சரியான உவமை எனக்குத் தோன்றவில்லை.

தச்சர் சொன்ன மற்றொரு செய்தியை நான் வெகுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். மரத்துக்குப் பகை தண்ணீரன்று. நீருக்கடியிலேயே கிடக்கும் மரத்துக்குக் காற்றுப் படாததால் அது எளிதில் மக்குவதில்லை. நனைவதும் காய்வதுமாக மாறி மாறி இருக்கும் மரம்தான் கெடும். கூரைத் தண்ணீர் தெறிக்கும் அடிவரிசை மரங்களை அதனால்தான் அவர் ஓயாமல் தடவிப் பார்த்தார். காஞ்சியில் அனந்தசரஸ் குளத்துக்குள் நாற்பதாண்டுகள் சயனித்திருந்து 2019-இல் நமக்கு நாற்பத்தெட்டு நாட்கள் சேவை சாதித்த அத்திவரதரை அவருக்கு எப்படி விளக்குவது? முயன்று பார்த்தேன். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். திருக்கோவலூரில் ஓங்கி உலகளந்தவன் மரத்தாலான திருமேனியோடு நிற்பதையும், திருவரங்கத்தில் சுதையால் ஆன பெரிய பெருமாளுக்குத் திருமஞ்சனம் இல்லாமல் தைலக்காப்பு நடப்பதையும், பூரியில் ஜகந்நாதர் 2015-இல் புதிய மரத்தில் திருமேனி மாற்றிக்கொண்டதையும் சொன்னேன். "அப்படியானால் உங்களுக்கு நான் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை" என்றார்.

தீயைப் பற்றிய கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன். பருத்த மரம் சுள்ளியைப் போலப் பற்றாது. மேற்புறம் கரியாகி உள்ளே போகும் தீயைத் தாமதப்படுத்தும். அச்சம் வேறிடத்தில் இருக்கிறது. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால், எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது உண்டாகும் சூட்டில் அவை தாமாகவே பற்றிக்கொள்ளும். மாலைதோறும் ஒவ்வொரு துணியையும் விரித்துக் காயப்போடும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். மருமகள் பார்த்துவிட்டு, "மாமா மடித்துணி உலர்த்துகிறார்" என்று சிரித்தாள்.

மேற்குச் சுவரில் பூசும்போதுதான் மகன் அந்தப் பேச்சை எடுத்தான். கும்பகோணத்துக்கு அருகே எங்கள் பூர்வீக வீடு ஆறு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. திண்ணையில் எட்டுத் தேக்குத் தூண்கள். என் தகப்பனார் இருந்தவரை, தை பிறக்குமுன் முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவி, கை கறுத்து, தோல் புண்ணாகி, அந்தக் கையோடு பொங்கல் பானைக்கு மஞ்சள் கட்டுவார். ஊரில் வாடகைக்கிருக்கும் பள்ளி ஆசிரியர் ஒருவர் வீட்டை விலைக்குக் கேட்டிருந்தார். நான் ஓராண்டாகப் பதில் சொல்லாமல் இருந்தேன்.

"அப்பா, நீங்க எனக்காகத்தான் வச்சிருக்கீங்கன்னா, நான் வரமாட்டேன். இந்தச் சுவரை மூணு வருஷத்துக்கு ஒரு தரம் நான்தான் பாத்துக்கணும். ரெண்டு வீட்டையும் என்னால பாக்க முடியாது" என்றான். என்னைப் பார்க்காமல், மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கை நிற்கவில்லை. நின்றிருந்தால் தழும்பு விழுந்திருக்கும். நானும் பூசிக்கொண்டே, "சரிப்பா" என்றேன். அந்த வரிசை முடிகிறவரை இருவரும் பேசவில்லை. இரவு படுத்திருந்தபோது சுவரில் எங்கோ மரம் பட்டென்று வெடித்தது. புது மரம் காய்ந்து பிளக்கும் ஓசை. சில ஆண்டுகள் அப்படித்தான் இருக்குமாம். மேல்நோக்கிய பிளவில் மட்டும் நீர் தங்கும், அதை அடைக்க வேண்டும், கீழ்நோக்கியதை விட்டுவிடலாம். எனக்கு அன்று உறக்கம் வர வெகுநேரமாயிற்று.

தை மாதம் பத்திரப்பதிவு முடிந்தது. ஆசிரியரின் குடும்பம் பால் காய்ச்சிய அன்று, ஒரு லிட்டர் முந்திரிக்கொட்டை எண்ணெயும் ரப்பர் கையுறை இரண்டு ஜோடியும் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். சாவிகளைக் கொடுத்துவிட்டு, அவரைத் திண்ணைக்கு அழைத்துச் சென்று, வடகிழக்குத் தூணின் அடியைக் காட்டினேன். ஐப்பசி மழையில் சாரல் அங்கேதான் தெறிக்கும். மற்றத் தூண்களுக்கு ஒரு கை என்றால் அதற்கு இரண்டு கை பூச வேண்டும் என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.