கொடிக்கயிறும் எதிர்வீரசிங்கமும்

மொட்டை மாடியில அக்கா பையன் கொடிக்கயித்தை இடுப்பளவுக்கு இறக்கிக் கட்டி, உயரம் தாண்டிப் பழகிட்டு இருந்தான்.

“மாமா, நீங்களும் வாங்க!”

போனேன்.
லுங்கி மாட்டிக்கிச்சு.
கயிறு, காய்ஞ்ச துண்டு ரெண்டு, நான்... எல்லாம் தரையில.

மானத்தைக் காப்பாத்த ஒரு பேரை எடுத்து விட்டேன். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம்.

யாழ்ப்பாணத்துக்காரர். 1952 ஹெல்சின்கி, 1956 மெல்போர்ன்னு ரெண்டு ஒலிம்பிக். 1958ல டோக்கியோவுல உயரம் தாண்டித் தங்கம். ஆசிய விளையாட்டுல இலங்கைக்கு அதுதான் முதல் தங்கம்! முதுகைக் காட்டித் தாண்டுற வித்தையே 1968லதான் பிரபலமாச்சு. அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி.

“யாரு மாமா அவரு? கேள்விப்பட்டதே இல்லையே.”

பெரிய ஞானி மாதிரி சிரிச்சேன்.
2024ல அவர் இறந்தப்போ வந்த அஞ்சலிப் பதிவைப் பாத்துத்தான் எனக்கே தெரியும்.

உங்களுக்கு எப்போ தெரியும்? உண்மையச் சொல்லுங்க.