மைனஸில் ஒரு விலைவாசி!

எங்கள் முதலாளி பேப்பர் படிக்கிறவர். அதுதான் பிரச்னையே. படிக்காதவராக இருந்தால் 'இந்த வருஷம் பிஸினஸ் டல்லுப்பா' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். இவர் புள்ளிவிவரத்தோடு வருவார்.

2023 ஆகஸ்ட்டில் இன்க்ரிமென்ட் பேச்சு வந்தது. (ஏப்ரலில் வந்திருக்க வேண்டியது. அதை விடுங்கள்.) அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனிலிருந்து நாலு பேர் வரிசையாகப் போய் நின்றோம். முதலாளி மேஜை மேலிருந்த பேப்பரைத் தட்டினார்.

"பாருங்கப்பா... விலைவாசி மைனஸ்ல போயிட்டிருக்கு. நான் சொல்லலை, கவர்ன்மென்ட்டே சொல்றான். மைனஸ் 1.36! நியாயமாப் பார்த்தா உங்க சம்பளத்தைக் குறைக்கணும். போனாப் போகுதுன்னு மூணு பர்சென்ட் தர்றேன்."

ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அரசாங்கமே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குப் போட்டு விற்றது. அந்த க்யூவில் நின்று வாங்கி வந்த என் மனைவியிடம் விலைவாசி மைனஸில் இருப்பதைச் சொன்னேன். "எந்தக் கடையிலங்க? சொல்லுங்க, பையை எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

கேள்வி நியாயமானது. முதலாளி சொன்ன நம்பரும் பொய் இல்லை. கடைதான் வேறு!

நம் நாட்டில் விலைவாசிக்கு ஒரு தராசு இல்லை, பல தராசு. முதலாளி காட்டியது மொத்த விலைக் குறியீடு. 2011-12ஆம் வருஷத்தை 100 என்று வைத்துக்கொண்டு 697 சாமான்களின் விலையைப் பார்த்துப் போட்ட கணக்கு. அதில் 64 சதவீதத்துக்கு மேல் தொழிற்சாலையில் செய்கிற பொருட்கள். இரும்பு, ரசாயனம், நூல், ஸிமென்ட்... அதுவும் ஃபாக்டரி வாசலில், வரி சேர்க்காத விலை. 13 சதவீதம் பெட்ரோல், டீசல், கரன்ட் வகையறா. மிச்சம் 22 சொச்சத்தில்தான் காய்கறி, தானியம், பால் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தக்காளியும் உண்டு, ஆனால் மண்டி விலைக்கு. வீட்டு வாடகை, ஸ்கூல் ஃபீஸ், டாக்டர் ஃபீஸ், பஸ் டிக்கெட் கிடையவே கிடையாது. அதாவது வாடகை கொடுக்காத, பிள்ளை பெறாத, காய்ச்சலே வராத ஒரு மனிதனின் விலைவாசி. மாதம் பத்து டன் கம்பி வாங்குகிறவனுக்கு மிகவும் உபயோகம்.

அதே 2023 ஜூலைக்கு இன்னொரு நம்பரும் வெளியாகியிருந்தது. சில்லறை விலைக் குறியீடு. 1,114 நகர மார்க்கெட்டுகளிலும் 1,181 கிராமங்களிலும் ஆள் போய் 'என்ன விலை?' என்று கேட்டு எழுதி வந்து போட்ட கணக்கு. அதன்படி ஏறியது 7.44 சதவீதம். ஒரே நாடு, ஒரே மாதம். ஒன்றில் மைனஸ் 1.36, ஒன்றில் பிளஸ் 7.44!

இதில் என்னை உறுத்தியது வேறு ஒன்று. கம்பெனி லெட்டர் எல்லாம் டைப் அடிப்பது அடியேன். 2022-ல் எங்களிடம் பம்ப் உதிரிபாகம் வாங்குகிறவர்களுக்கெல்லாம் ஒரு லெட்டர் போனது. 'மொத்த விலைக் குறியீடு 15.88 சதவீதம் ஏறிவிட்டபடியால் எங்கள் ரேட்டை உயர்த்த வேண்டியிருக்கிறது' என்று. அது 2022 மே மாதத்து நம்பர். அப்போது சில்லறை விலை 7.04-தான். அந்த வருஷம் எங்களுக்கு இன்க்ரிமென்ட் பேசும்போது முதலாளி என்ன சொன்னார் தெரியுமோ? "சில்லறை விலைதாம்ப்பா ஜனங்களுக்கு. அது ஏழுதான்!"

பார்ட்டிக்கு பதினாறு, எங்களுக்கு ஏழு. அடுத்த வருஷம் சில்லறை ஏழைத் தாண்டியதும் எங்களுக்கு மைனஸ்! மனுஷர் எந்த நம்பரையும் மாற்றவில்லை. தராசைத்தான் மாற்றினார்.

எதிர் வீட்டு மாமாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. மத்திய அரசு உத்தியோகம். அவருக்கென்று தொழிலாளர் விலைக் குறியீடு தனியாக இருக்கிறது. 88 ஊர், 317 மார்க்கெட். அதன் பன்னிரண்டு மாத சராசரி ஏறினால் பஞ்சப்படி ஏறும், வருஷத்துக்கு இரண்டு தடவை. அதே 2023 ஜூலைக்கு அவருக்கு 42-லிருந்து 46 ஆனது. யார் முன்னாலும் போய் நிற்கவில்லை. "2020, 2021-ல மூணு தவணையை நிறுத்தி வச்சாளே, அந்த அரியர்ஸ் இன்னும் வரலை ஓய்" என்று அவருக்கும் ஒரு புலம்பல் உண்டு. வராத அரியர்ஸைப் பற்றிப் புலம்புவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும்!

சம்பளத்துக்கும் சர்க்கார் கணக்கு இருக்கிறது. வீடு வீடாக வந்து, மாதச் சம்பளக்காரர் என்றால் போன காலண்டர் மாதம் எவ்வளவு வந்தது என்று கேட்கிறார்கள். கடைசி ஏழு நாளில் தினம் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்றும் கேட்கிறார்கள். இந்த இரண்டாவது கேள்வியை நான் எனக்கே கேட்டுப் பார்த்தேன்.

என் சம்பளம் 28,000. மாதம் 26 நாள், நாளுக்கு 9 மணி நேரம் என்று ஆர்டரில் இருக்கிறது. மணிக்கு 120 ரூபாய் வருகிறது. ஆனால் அந்த வருஷம் ஆள் குறைந்து, ஜி.எஸ்.டி. வேலையும் என் தலையில் விழுந்து, தினம் 11 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் 98 ரூபாய்! ஒரு பைசா சம்பளம் குறைக்காமல், ஒரு லெட்டர் போடாமல், மணிக்கு 22 ரூபாய் காணாமல் போயிருந்தது. ஷாப் ஃப்ளோரில் மெஷின் ஓட்டுகிறவருக்கு அப்போது அமலில் இருந்த 1948 ஃபாக்டரி சட்டப்படி ஓவர்டைம் என்றால் இரட்டைச் சம்பளம். எங்களுக்கு 'ஸ்டாஃப்' என்ற பட்டமும் ஒரு டீயும். மூணு பர்சென்ட் ஏறினபின் மணிக்கு 101. அதாவது ஒரு மணி நேரம் லெட்ஜர் பார்த்தால் ஒரு கிலோ தக்காளி, அதுவும் கடைக்காரர் மனசு வைத்தால்.

கணக்கை ஒரு முழுத்தாளில் எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். இரண்டு வருஷத்து நம்பர்களும் பக்கத்தில் பக்கத்தில். கூடவே பார்ட்டிக்குப் போன லெட்டரின் காப்பி. வெகு நேரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இதையெல்லாம் யாரு உனக்குச் சொல்லிக் கொடுத்தா?"

"பேப்பர்ல வந்துது சார்."

மூணு, ஐந்தாயிற்று. 7.44 ஆகவில்லை. 11 மணி நேரமும் 9 ஆகவில்லை. ஆனால் மற்ற மூன்று பேரும் இப்போது டைரியில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். மாதாமாதம் 12-ஆம் தேதி வாக்கில் சில்லறை, 14-ஆம் தேதி வாக்கில் மொத்தம். பக்கத்திலேயே ஆபீஸை விட்டுக் கிளம்பின நேரம். முதலாளியும் எழுதி வைக்கிறார் என்று கேள்வி. பார்ட்டிகளுக்கு அடுத்த ரேட் லெட்டரை டைப் அடிக்கப் போவதென்னவோ நான்தான்.