விலாசம் வெட்டிய பாத்திரங்கள்

கோட்டையூரில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டு அறைகளில் இருந்த சாமான்களை விற்றவன் நான்தான். பணமுடை ஒன்றும் இல்லை. பங்காளிகளைக் கூட்டிப் பிரித்துக்கொள்ளப் பொறுமையில்லை, ஊருக்கு வரும்போதெல்லாம் பூட்டைத் திறந்து தூசி தட்ட அலுப்பு.

எல்லாம் அப்பத்தா கல்யாணத்துக்கு வந்த சீர். பித்தளை அண்டா, வெண்கலப் பானை, அடுக்குச் சட்டி. ஒவ்வொன்றின் கழுத்திலும் புள்ளி புள்ளியாக அவர் பிறந்த வீட்டு விலாசம் வெட்டியிருக்கும். காரைக்குடியிலிருந்து வந்த வியாபாரி பீங்கான் ஜாடிகளுக்கு மட்டும் தனி விலை பேசினார். பாத்திரங்களை எடை போட்டார். பர்மாக் கடைக் கணக்கு நோட்டுகள் பழைய பேப்பர்காரருக்குப் போயின.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் வழியில்லை. கல்யாணப் பத்திரிகையையும் நாடக நோட்டீசையும்கூடச் சேர்த்து வைத்த ரோஜா முத்தையா எங்கள் ஊர்க்காரர். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994இல் அது சென்னையில் நூலகமானது. நான் விற்றது அதற்கெல்லாம் பிறகு.

அண்மையில் கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனேன். 2023 மார்ச் 5இல் திறந்தது. செட்டிநாட்டு வீட்டுப் பாணியிலேயே கட்டியிருக்கிறார்கள், அதனால் உள்ளே நுழைந்ததுமே மனசு சரியில்லை. தந்தப் பகடை, சூதுபவள மணி, தக்களி என்று பார்த்துக்கொண்டே வந்தவன் எழுத்துள்ள பானை ஓடுகளின் முன்னால் நின்றுவிட்டேன். கூரான எதையோ வைத்துக் கீறிய தமிழி எழுத்துகள். ஆதன், குவிரன் என்று பெயர்கள் படித்திருக்கிறார்கள். பானை தன்னுடையது என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார். அப்பத்தா வீட்டில் செய்ததும் அதையேதான். உடைந்த ஓட்டைக்கூட இங்கே கண்ணாடிக்குள் வைத்துக் காக்கிறார்கள். முழுசாக இருந்ததை நான் உருக்கக் கொடுத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாமான் எங்கே என்று அத்தை கேட்டபோது திருட்டுப் போய்விட்டது என்றேன். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் நடப்பதுதான் என்பதால் நம்பினார். சந்தேகம் வீட்டைப் பார்த்துக்கொண்ட பெரியவர் மேல் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கீழடியிலிருந்து திரும்பிய அன்று ராத்திரியே அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாமானைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"அவுககிட்டப் போய்ச் சொன்னியாப்பா?" என்றார்.

இன்னும் போகவில்லை.