சுழலாத விசிறி

2021 நவம்பரில் அப்பாவிடம் ஒரு பொய் சொன்னேன். "வேலைக்கு இந்த லேப்டாப்தாம்பா வேணும். சின்னதுல ஓடாது." அவர் துருவிக் கேட்கவில்லை. "வேலைக்குன்னா வாங்கிக்க கண்ணு" என்றார்.

என் வேலை மொழிபெயர்ப்பு. ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம். அங்கே வீட்டிலிருந்தபடியே செய்கிறேன். நாள் முழுக்க வேர்டு, நாலைந்து அகராதிப் பக்கங்கள், மின்னஞ்சல். இதற்கு ஆப்பிளின் எம்1 மேக்புக் ஏர் தாராளம். அன்றைக்கு அதன் விலை 92,900 ரூபாய். எடை 1.29 கிலோதான், சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்துவிடலாம். அப்போதுதான் வந்திருந்த 14 அங்குல மேக்புக் ப்ரோ 1,94,900 ரூபாய். கூடுதலாக ஒரு லட்சத்து இரண்டாயிரம்.

அந்தப் பணத்துக்குப் பொருளில் மதிப்பு இல்லாமல் இல்லை. ஏருக்குள் விசிறி கிடையாது. நெடுநேரம் கடுமையாக வேலை வாங்கினால் சூடேறி, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ப்ரோவில் விசிறிகள் சூட்டை வெளியே தள்ளிவிடும். மணிக்கணக்கில் வீடியோ எடிட் செய்பவருக்கு அது சோறு போடும் இயந்திரம். எனக்கு இது தெரியாமல் இல்லை. மூன்று வாரம் படித்தேன். பெரியதை வாங்க ஏதாவது ஒரு காரணம் அகப்படாதா என்றுதான் படித்தேன்.

உண்மைக் காரணம் வேறு. எப்போதாவது சென்னைக்குக் கூட்டத்துக்குப் போவேன். எல்லோரும் லேப்டாப்பை மேசைமேல் எடுத்து வைப்பார்கள். மலையிலிருந்து வருகிறவன்தானே என்று என்னை மட்டமாக நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அப்படி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்த ஒரு லட்சம், காப்பி காயவைக்கும் களத்தைப் பூசித் தருகிறேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்து நான் சேர்த்து வைத்த பணம். களத்தில் சிமென்ட் பெயர்ந்து குழி விழுந்திருந்தது. பழத்தைத் தோலுரித்து, புளிக்கவிட்டு, கழுவிப் பரப்பினால், கொட்டையில் ஈரம் 10, 11 சதவீதத்துக்கு இறங்கும்வரை காய வேண்டும். தரை சீராக இருந்தால் மழை வரும்போது சட்டெனக் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டுவிடலாம். குழியிருந்தால் மேலே மூடினாலும் அடியில் தண்ணீர் நிற்கும்.

அந்த நவம்பரில் தமிழ்நாடே வெள்ளக்காடாகக் கிடந்தது நினைவிருக்கும். எங்கள் முதல் பறிப்பு களத்தில் இருந்தது. நாலாம் நாள் கொட்டையில் சாம்பல் பூத்துவிட்டது. கையில் அள்ளி முகர்ந்தால் நனைந்த சாக்கு வாடை. ராத்திரி பல்பு வெளிச்சத்தில் அப்பா முறத்தில் கொட்டி, தேறுவதைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்து அறையில் புது லேப்டாப்போடு இருந்தேன். எழுந்து போகவில்லை.

இங்கே குளிர்காலத்தில் ஜன்னல் இடுக்கு வழியாகவே மூடுபனி உள்ளே வரும். அதிகாலையில் அப்பா எனக்கு முன் எழுந்து, தன் துண்டால் லேப்டாப்பை மூடி வைப்பார். "வேலை செய்யற பொருள், ஈரம் படக்கூடாது." வாங்கிய நாளிலிருந்து அதன் விசிறிச் சத்தத்தை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அது சுழலும் அளவுக்கு என்னிடம் வேலையே இல்லை. ஒவ்வொரு முறை துண்டை எடுக்கும்போதும் சொல்லிவிட நினைத்து, சொல்லாமலே வருடங்களைக் கடத்தினேன். இடையில் மிளகு விற்ற காசில் களத்தை அவரே பூசிக்கொண்டார்.

போன மாதம் சொன்னேன். வெகுநேரம் சில்வர் ஓக் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ சின்னதே போதுமா இருந்துச்சா?"

"போதும்ப்பா."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு களத்துப் பக்கம் போனார். அதற்குப் பிறகு அவர் லேப்டாப்பை மூடுவதில்லை. நானே எழுந்து மூடுகிறேன்.